பெயின்ட் அடிக்கும் வீடு

பழைய சாமான் கடையிலிருந்து கட்டிலை எடுத்துப்போக வந்த இரண்டு பேரும் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்து, கட்டிலில் ஒருவர் போர்த்திப் படுத்திருப்பதைப் பார்த்து, "பெரியவரைக் கொஞ்சம் எழுந்து உக்காரச் சொல்லுங்க சார், ரெண்டு நிமிஷ வேலைதான்" என்றார்கள்.

"எழுந்திருக்க மாட்டார்" என்றான் அவன்.

"ஒடம்பு சரியில்லையா?"

"அப்பா காலையில ஆறு மணிக்குப் போயிட்டார்."

எங்கே போனார் என்று கேட்க வாயைத் திறந்தவனை மற்றவன் முழங்கையால் இடித்தான். இருவரும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கால் மாற்றி நின்றார்கள். பிறகு இடித்தவன், சொல்லலாமா கூடாதா என்று தெரியாத குரலில், "பணம் குடுத்தாச்சு சார்" என்றான்.

"தெரியும். நாளைக்கு வாங்க."

"ஐயோ, அதுக்குச் சொல்லல சார். அவர் நிதானமா..." சுற்றிலும் பார்த்தான். கூடத்தில் கட்டிலைத் தவிர உட்கார ஒரு பொருள் இல்லை. "வர்றவங்க எங்க சார் உக்காருவாங்க? உங்க நாற்காலி ஆறும் எங்க கடையிலதான் கெடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

இப்படியாக, செவ்வாய்க்கிழமை விற்ற நாற்காலிகள் வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வீடு திரும்பின. ஒன்றின் முதுகில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு. அந்த நிலைமையிலும் அவன் அதைக் கவனித்தான், கவனித்ததற்காக வெட்கப்பட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர்களுக்கு விமானம். அவனுக்கு, அவன் மனைவிக்கு, பத்து வயது மகளுக்கு. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாலு வருடம் வேலை பார்த்தவள். ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழாது என்று பேர் வாங்கியவள். வேறொரு தேசத்து மருத்துவமனை அவளுக்கு வேலை கொடுத்து, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வரலாம் என்று எழுதியிருந்தது. ஒன்றாம் தேதி அங்கே கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

அவன் அச்சகம் நடத்தியவன். நடத்தினான் என்று மரியாதைக்குச் சொல்வது. கடைசி மூன்று வருடம் அச்சகம்தான் அவனை நடத்தியது, அதுவும் கழுத்தைப் பிடித்து. கல்யாணப் பத்திரிகையை ஊரே போனில் அனுப்பத் தொடங்கிவிட்ட காலத்தில் அவன் கடன் வாங்கி நாலு கலர் மிஷின் இறக்கினான். அதற்குத் தொலைநோக்கு என்று பெயர் வைத்தான். மிஷின் வந்த அன்று ரிப்பன் கட்டி, சித்தப்பாவை அழைத்து வெட்டச் சொன்னான். அந்த ரிப்பனுக்கும் சேர்த்துத்தான் கடன்.

கடன்காரர்கள் நாலு பேர். காகிதக் கடைக்காரர், ஃபைனான்ஸ்காரர், மை விற்றவர், மிஷினை விற்றவர். மனைவியின் புதுச் சம்பளத்தில் மாதாமாதம் அனுப்பினால் மூன்று வருடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தான். ஏமாற்றும் எண்ணம் அவனுக்குக் கிடையாது. சொல்லும் தைரியமும் கிடையாது. கிளம்புகிறேன் என்றால் காலைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அதனால் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகப் படியிறங்கியபோது, யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பதில் தயாரித்தான்: வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம்.

இதை வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்தபோது அப்பா நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன கலர்?" என்றார்.

"என்ன கலரா இருந்தா என்னப்பா?"

"யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"வெளிர்பச்சைன்னு சொல்லுங்க."

"எனக்கு வெளிர்பச்சை பிடிக்காதேடா" என்றார் அப்பா, உண்மையான கவலையோடு.

அப்பா பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் வண்டியிலிருந்து இறங்காதவர். சமையலறை வாசலில் யாராவது வழி மறித்து நின்றால் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியா இருக்கு" என்பார். மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது கதவில் இரண்டு தட்டு தட்டி "ரைட்" சொல்வார். அவர் சொல்லாமல் அவள் கிளம்பியதில்லை. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போவார். சில்லறை இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதி, வட்டம் போட்டுக் கொடுப்பார். இறங்கும்போது காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒரு பெண்மணி வாங்காமலே இறங்கிவிட்டாள். அப்பா மூன்று நாள் வேலை முடிந்ததும் அந்த நிறுத்தத்தில் போய் நின்று, தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்த பாக்கியைவிடப் போய் வந்த செலவு அதிகம் என்று அம்மா இருந்த வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்படிப்பட்டவர் கூட வர மாட்டேன் என்றுவிட்டார். முதலில் முட்டி வலி என்றார். பிறகு குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். கடைசியாக, "அங்க பஸ்ல கண்டக்டரே கிடையாதாம். டிரைவர் தனியா ஓட்டிட்டுப் போறானாம். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஊர்ல நான் வந்து என்னடா பண்ணுவேன்?" என்றார். அவன் கெஞ்சினான், கத்தினான். "உங்களுக்குப் பிடிவாதம். பேத்தியக்கூட நினைக்காத பிடிவாதம்" என்றான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு அறை பார்த்து முன்பணம் கொடுத்தான். அதற்குப் பிறகு மூன்று வாரமாக, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தாண்டி அவரிடம் பேசவில்லை. நேற்று மட்டும், "அந்த ரூமுக்கு ஒரு ஃபேன் வாங்கணும்" என்றான். "எதுக்கு? ஜன்னல் இருக்கே, ஜன்னலோர சீட்டு" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் கோபம் போய்விடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்று காலை அவர் மருமகளிடம், "தலை சுத்துதும்மா, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றிருக்கிறார். முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர், நின்றே டீ குடிப்பவர், உட்காருகிறேன் என்று சொன்னதுமே அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். கையைப் பிடித்து நாடி பார்த்தாள். மாடிப்படியில் டாக்டர் ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

சித்தப்பா பதினோரு மணிக்கு வந்தார். அப்பாவின் தம்பி. குடும்பத்தில் ஏர்போர்ட் சித்தப்பா என்று பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் மகன் வீட்டில் நாலு மாதம் இருந்தார். உடம்பு மட்டும் திரும்பி வந்தது. வந்தவர் அண்ணனின் கால்மாட்டில் நின்றார். "அங்கெல்லாம் சாவு வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. ஒருத்தர் மூக்கு சிந்த மாட்டாங்க. அவ்வளவு டீசன்ட்டா..." என்று தொடங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. அண்ணனின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி மூக்கைச் சிந்தினார்.

கொஞ்சம் தேறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்டா. வர்ற வழியிலயே" என்றார். "அண்ணன் நம்பருக்கு அடிச்சேன், உன் பொண்ணுதான் எடுத்தா. அந்த போன்ல இருந்த பேரையெல்லாம் படிக்கச் சொல்லி, எல்லாருக்கும் பேசிட்டேன். ஃபைனான்ஸ்னு ஒருத்தர். பாவம், ரொம்ப நேரம் பேச்சே வரல அவருக்கு."

"யாரு?"

"ஃபைனான்ஸ். அப்புறம் பேப்பர் கடைன்னு ஒருத்தர்..."

அவன் சித்தப்பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். கூடத்துச் சுவரோரமாக ஆறு பெட்டிகள் அடுக்கியிருந்தன. இரண்டிரண்டாக உள்ளறைக்கு இழுத்தான். சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட்டன. அப்பாவைப் பார்க்க வந்திருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி. அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அவங்க வர்றாங்க. பெட்டியைப் பாத்தா தெரிஞ்சிடும்."

"இன்னிக்கா?" என்றாள். அந்த ஒரு சொல்லில் பதினைந்து வருடக் குடித்தனமும் இருந்தது. பிறகு அவளே இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

காகிதக் கடைக்காரர்தான் முதலில் வந்தார். கனத்த மனிதர். படியேறியதில் மூச்சு வாங்கியது. கட்டில் பக்கத்தில் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் தோளில் கை வைத்து, மெதுவாக, "திங்கக்கிழமை ஃப்ளைட்டு என்னாச்சு தம்பி? தள்ளிப் போட்டாச்சா?" என்றார்.

"எந்த ஃப்ளைட்டு?" என்றான் அவன்.

நாற்பத்து நாலு வயது மனிதன், செத்துப்போன தகப்பனை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு பேசக்கூடிய பேச்சா? ஆனால் நாக்கு மூன்று மாதப் பழக்கத்தில் தானாக ஓடியது. "வீட்டுக்கு பெயின்ட் அடிக்கறோம்ங்க, அதான் சாமானெல்லாம்..."

"வெளிர்பச்சை" என்றார் காகிதக் கடைக்காரர். "தெரியும் தம்பி. வா, வெளிய வா."

மாடிப்படியின் திருப்பத்தில் வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்து நீட்டினார். வழக்கொழிந்துபோன பழைய பஸ் டிக்கெட். பின்பக்கம் பென்சிலில் ஒரு தொகை. அவன் அவருக்குத் தர வேண்டிய தொகை, காசு சுத்தமாக. சுற்றி ஒரு வட்டம். கீழே அப்பாவின் கையெழுத்து.

"நாங்க நாலு பேரும் வெச்சிருக்கோம்" என்றார். "போன மாசம் ஒருநாள் கடைக்கு வந்தார். உக்காருங்கன்னேன், உக்காரல. 'என் மகன் குடும்பத்தோட வெளிநாடு போறான். ஓடிப்போகல, போறான். உங்ககிட்ட சொல்ல வெக்கப்படறான். கேட்டா வீட்டுக்கு பெயின்ட்டு அடிக்கறதா சொல்லுவான். நம்பிடாதீங்க, ஆனா நம்பின மாதிரி இருந்துக்குங்க'ன்னார்."

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"'பாக்கி முழுக்க வர்ற வரைக்கும் நான் இந்த ஊர விட்டு எங்கயும் போக மாட்டேன். என் பென்ஷன்ல பாதிய உங்க நாலு பேருக்கும் பிரிச்சுத் தர்றேன், மிச்சத்த அவன் அனுப்புவான். அனுப்பலேன்னா என்னைப் பிடிச்சு வெச்சுக்குங்க'ன்னார். உங்கள வெச்சு நான் என்னய்யா பண்றதுன்னு கேட்டேன். 'கடையில ஆள் சேந்தா வரிசையில நிக்க வெப்பேன்'னார்." காகிதக் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்து, தோள் துண்டால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட மட்டும் சொல்லிடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். 'தெரிஞ்சா அவன் போக மாட்டான்'னார்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஃபைனான்ஸ்காரர் வழியில் நிறுத்தி, "பெயின்ட்டு எந்த அளவுல இருக்கு சார்?" என்று கேட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. முதல் கோட்டிங் முடிந்தது என்று இவன் சொல்ல, "ஈரம் காயாம ரெண்டாவது அடிச்சிடாதீங்க சார், உரிஞ்சிடும்" என்று அவர் அக்கறையாகச் சொன்னார். ஆளை எப்படி ஏமாற்றினோம் என்று அன்றைக்கு இரவு மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். அப்பா சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஃபைனான்ஸ்காரர் ஒரு மணிக்கு வந்தார். ஒல்லி. எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார். வீட்டு வாசலில் வந்து சத்தம் போடும்போதும் சார் விட்டுப்போகாது. அப்பாவை வணங்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் அவனைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே சித்தப்பாவும் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இன்னிக்கு கேக்கக்கூடாது. ஆனா திங்கக்கிழமைக்கு மேல கேக்கணும்னா நீங்க இருக்க மாட்டீங்க" என்றார் ஃபைனான்ஸ்காரர். "உங்கள நான் போகாதீங்கன்னு சொல்லல. பெரியவர் இருக்கார்னுதான் சரின்னேன். இனிமே நான் யாரைப் போய்ப் பாக்கறது? அது மட்டும் சொல்லிடுங்க."

"ஏன், நானில்ல?" என்றார் சித்தப்பா. குரல் மேடைக்கு ஏறியது. "என் அண்ணன் குடுத்த வாக்கு இந்தக் குடும்பத்தோட வாக்கு. நான் உயிரோட இருக்கற வரைக்கும் அதுக்கு ஒரு பங்கம் வரவிட மாட்டேன். மனுஷனுக்கு நாணயம்தான்..."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்று ஃபைனான்ஸ்காரர் தன் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "இந்த டிக்கெட்டுலயே கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

சித்தப்பா சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கில் இருந்தது. "அங்கெல்லாம் வக்கீலைக் கலந்துக்காம எதுலயும் கையெழுத்து வெக்க மாட்டாங்க" என்றார்.

"இங்கயும் அப்படித்தான் சார் இருக்கணும். பெரியவர்தான் அப்படி இல்ல."

சித்தப்பா தலை குனிந்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மகன் அனுப்பும் பணத்தில் மருந்து வாங்குகிற மனிதர். அந்தப் பேனாவுக்கு அவர் கை நீளாதது அவர் குற்றமில்லை.

"என்னைப் பாருங்க" என்றான் அவன்.

"எங்க வந்து சார் பாக்கறது? நீங்கதான்..."

"நான் போகல. அவங்க ரெண்டு பேரும் போறாங்க. நான் இருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"முடியற வரைக்கும்."

"எங்க தங்குவீங்க?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ரூம். அட்வான்ஸ் குடுத்தாச்சு." சொல்லி முடித்த பிறகுதான், அது யாருக்காகக் கொடுத்த முன்பணம் என்று அவனுக்கே உறைத்தது. "ஃபேன் மட்டும் இல்ல" என்றான்.

ஃபைனான்ஸ்காரர் பேனாவை மூடினார். தனக்குள்ளே ஏதோ கூட்டிக் கழித்தார். பிறகு, "மாசம் அஞ்சாம் தேதி வர்றேன் சார்" என்றார். அவரிடமிருந்து அன்றைக்கு அதற்கு மேல் ஆறுதலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவர் கிளம்பவில்லை. திரும்ப உள்ளே போய்க் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

காகிதக் கடைக்காரர் மேல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்குக் கட்டிங் மிஷின் ஓட்டத் தெரியும்தானே தம்பி?" என்றார்.

"தெரியும்."

"என் ஆளு நின்னுட்டான். காலையில ஒன்பது மணி. லேட்டா வரக்கூடாது."

அவருக்குப் பின்னால், வாசற்படியில், அவன் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. எல்லோரும் உள்ளே போகும் வரை காத்திருந்தாள்.

"முடிவு பண்ணிட்டுச் சொன்னீங்களா, சொல்லிட்டு முடிவு பண்ணீங்களா?"

"ரெண்டும் ஒண்ணாதான் ஆச்சு."

"எனக்கு அங்க யாரையும் தெரியாது" என்றாள்.

"தெரியும்."

"எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க."

அவள் தண்ணீர்ச் சொம்பை அவன் கையில் கொடுத்தாள். "குடிங்க. காலையிலிருந்து எதுவும் குடிக்கல" என்றாள்.

மூன்று மணிக்கு அப்பாவைத் தூக்கினார்கள். மாடிப்படி குறுகல், திருப்பத்தில் வளைக்க வராது. பழைய சாமான் கடைக்காரர்கள் இருவரும் மறுபடி வந்திருந்தார்கள். பீரோ இறக்கிய அனுபவத்தில், தலைப்பக்கம் உயர்த்து, இந்தப் பக்கம் சாய், மெதுவா என்று வழி சொன்னார்கள். ஒருபக்கம் காகிதக் கடைக்காரரும் மை விற்றவரும், மறுபக்கம் ஃபைனான்ஸ்காரரும் மிஷினை விற்றவரும் தாங்கிக்கொண்டார்கள். தன் மொத்தக் கடனும் அப்பாவைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குவதை அவன் முன்னால் நடந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தான். கீழே வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மேலே ஜன்னலில் நின்ற மகள்தான், சன்னமான குரலில், "ரைட்" என்றாள்.

எல்லாம் முடிந்து அவன் குளித்துவிட்டு வந்தபோது மணி ஆறு. சித்தப்பா விலைச்சீட்டு ஒட்டிய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். உள்ளறையில் அவன் மனைவி பெட்டிகளை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்பா துணிய வெளிய எடுக்கற?"

"எடை கூடிப்போச்சு."

"அப்ப என் புக்கையும் எடுக்கணுமா?"

"வேணாம். அப்பா துணி போதும்."

சட்டைகள் வந்தன. கால்சட்டைகள் வந்தன. சவரப்பெட்டி வந்தது. கடைசியில் அடியிலிருந்து சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று வந்தது. இரண்டு மாதம் முன்னால் தள்ளுபடியில் வாங்கியது. கடையில் போட்டுப் பார்த்தபோது அவள் அவனைக் கரடி என்று சிரித்திருந்தாள். அவள் அதை மடியில் போட்டு நீவினாள். பிறகு மடித்து, தன்னுடைய துணிகளுக்கு நடுவே திரும்ப வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றான் அவன். "அதுதான் இருக்கறதுலயே கனம்."

"இங்க இத போட முடியுமா?"

"முடியாது."

"அப்ப அங்க இருக்கட்டும்."

அவள் மூடியைக் கவிழ்த்து அழுத்தினாள். ஸ்வெட்டர் பிதுங்கியது, ஜிப் பாதிக்கு மேல் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அவன் வந்து பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவள் அவன் முழங்கால் வழியாகக் கையை விட்டு, ஜிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள்.